பூவின் பின்பக்கம்

ஆடிச் சாரலில் நீலகிரியிலும் ஆனைமலையிலும் நீர் கசியும் பாறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் மெல்ல உறைக்கும். அங்கே பூக்கிற சிறு செடிகளில் எது எந்த இனம் என்ற கேள்விக்கு, கண்ணில் முதலில் படுகிற வேறுபாட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நிறம், உயரம், இலையின் அகலம், ஒரு தண்டில் எத்தனை பூ என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி பாறை கொடுத்தவை. செடி தன் முன்னோரிடமிருந்து கொண்டுவந்த வேறுபாடு வேறெங்காவது இருக்கும்: பூவின் பின்பக்கத்தில், இலையின் ரோமத்தில், சில சமயம் விதையின் ஓட்டில். பல மழைக்காலங்களை இந்தப் பாறைகளோடு கழித்ததில் எனக்கு மிஞ்சிய தெளிவு இது ஒன்றுதான். எந்த வேறுபாடு செடியோடு கூடப் போகிறது, எது இடத்தோடு நின்றுவிடுகிறது என்று பிரிக்கத் தெரிந்தால் இனம் பிரிக்கத் தெரியும். இதைச் சொன்னால், கேட்பவர்கள் தலையசைத்துவிட்டு மறுபடி நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே வாதிட வேண்டியிருக்கிறது.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாறை ஒரே இடம். கையை நீட்டினால் எட்டும் அகலத்துக்குள் அங்கே நாலைந்து விதமான பிழைப்பு நடக்கிறது. நீர் வழியும் தடத்தில் பாசி மெத்தை. ஒரு சாண் தள்ளி நீர் படாத சரிவு. வெயில் தலைகாட்டினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோகும். மேலே ஒரு வெடிப்பு, அதில் மக்கிய இலையும் மணலும் சேர்ந்து ஒரு பிடி மண். கீழே எப்போதும் நிழலாக ஒரு குடைவு. இந்த நாலிலும் ஒரே செடியின் விதைகள் விழுகின்றன. எனக்கு அதிகம் பழக்கமானவை தண்டில்லாத காட்டுக் காசித்தும்பைகள். வாசலில் வளர்க்கிற காசித்தும்பைக்கு நெருங்கிய உறவு. இரண்டும் இம்பேஷன்ஸ் என்ற ஒரே பேரினம். உலகம் முழுக்க அந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றுக்கு மேல், அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. தண்டில்லாத வகைகள் கோடையில் மண்ணுக்கு மேல் இருப்பதே இல்லை. பாசிக்குள் அல்லது வெடிப்புக்குள் ஒரு சிறு கிழங்கு மட்டும் காத்திருக்கும். பருவமழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து நேராகச் சில இலைகள் எழும்பும், அவற்றின் நடுவே இலையில்லாத ஒரு பூந்தண்டு, அதில் வெளிர் ரோஜா நிறத்திலோ இளம் ஊதாவிலோ பூக்கள். பாசி மெத்தையில் வளர்ந்தது உள்ளங்கை அகலத்துக்கு இலை விரித்துத் தண்டு நிறையப் பூக்கும். வெடிப்பில் வளர்ந்தது கட்டைவிரல் நகத்தளவு இலையோடு ஒன்றோ இரண்டோ பூவோடு முடித்துக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், புதிதாக வருபவர் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வார். அவர் கண்ணில் குறையில்லை, இரண்டும் உண்மையாகவே வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு யாருடையது என்பதுதான் கேள்வி.

இதை எளிதாகப் புரியவைக்க அழுகண்ணி நல்ல உதாரணம். பூச்சி பிடிக்கும் இந்தச் சிறு செடிகளில் மூன்று இனங்களை நம் நாட்டுத் தாவர நூல்கள் வழக்கமாகச் சொல்கின்றன. டிரோசெரா பர்மானி தரையோடு தரையாக வட்டமாக இலை பரப்பும். டிரோசெரா இண்டிகா தண்டு விட்டு எழுந்து, நூல்போன்ற இலைகளை நீட்டும். டிரோசெரா பெல்டேட்டா உயரமான மலைப்புல்வெளிகளுக்கு உரியது. கீழே கிழங்கு, மேலே மெல்லிய தண்டு, பிறைபோன்ற சின்ன இலை. இந்த மூன்றையும் பிரிக்கக் கைலென்ஸ் கூடத் தேவையில்லை. ஆனால் இங்கேயும் மனிதர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: நிறம். நிழலில் வளர்ந்த பர்மானி பச்சையாக இருக்கும். திறந்த வெயிலில் வளர்ந்தது ரத்தச் சிவப்பாகும். சிவப்பு அழுகண்ணி, பச்சை அழுகண்ணி என்று இரண்டு ஜாதி இருப்பதாகப் பேசுவதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒரே செடியிலேயே நிழலுக்குள் நீண்ட இலை பச்சையாகவும் வெயில் பக்கம் நீண்டது சிவப்பாகவும் இருப்பதைக் காட்டினால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். வெயில் தந்த நிறம் வெயில் போனால் போய்விடும். இலையின் வடிவம் நிழலிலும் அப்படியே நிற்கும். காசித்தும்பைகளில் நடப்பதும் இதேதான். என்ன, அங்கே நிலையான குணம் இவ்வளவு வெட்டவெளியில் இருப்பதில்லை.

அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு பூவை நிதானமாகப் பிரிக்க வேண்டும். பறிக்க வேண்டியதில்லை. காசித்தும்பைப் பூ வாடிச் சுருங்குவதற்கு முன்பே முழுசாக உதிரும் வழக்கமுள்ளது. சாரலுக்குப் பிறகு பாறையடியில் எப்போதும் சில கிடக்கும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பூவை விட்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் பாகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கும். இரண்டு பக்கத்திலும் பச்சையாக இரண்டு சின்னப் புல்லிகள், எளிதில் தவறிப்போகும் அளவுக்குச் சிறியவை. மூன்றாவது புல்லிதான் வேடதாரி. இதழின் நிறத்தையே பூசிக்கொண்டு, படகுபோல் குழிந்து, பின்னால் ஒரு வாலாக நீள்கிறது. தேன் இருப்பது அந்த வாலுக்குள். பூக்காம்பு முறுக்கிக்கொண்டு பூவையே தலைகீழாகத் திருப்பிவிடுவதால், இப்போது கீழே தெரிகிற இந்தப் புல்லி உண்மையில் மேலே இருக்க வேண்டியது. மேல்பக்கத்தில் தனியாக ஓர் இதழ், பெரும்பாலும் முதுகில் பச்சை வரம்போடு. மீதி நான்கு இதழ்களும் இரண்டிரண்டாக ஒட்டி இடமும் வலமும் சிறகுபோல் விரியும். நாம் தூரத்திலிருந்து ‘பூ’ என்று பார்ப்பதில் முக்கால்வாசி இந்தச் சிறகுகள்தான். ஒவ்வொரு சிறகும் எத்தனை மடலாகப் பிரிகிறது, எந்த மடல் பெரிது, அடிமடல் எப்படி மடிகிறது என்பதெல்லாம் தண்ணீரில் விரித்தால் மட்டுமே தெளிவாகத் தெரியும். நடுவில் ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றாகச் சேர்ந்து சூலகத்தின் மேல் ஒரு குல்லாய்போல் கவிந்திருக்கும். பூ முதலில் ஆணாக இருந்து மகரந்தம் கொடுக்கும். பிறகு குல்லாய் கழன்று விழ, அதுவரை மறைந்திருந்த சூல்முடி வெளியே வந்து பெண்ணாகும். இது தெரியாதவர்கள் ஒரே தண்டில் இருக்கும் இரண்டு பூக்களின் தொண்டையைப் பார்த்து, ஒன்றில் வெள்ளைக் கட்டியும் மற்றதில் பச்சை முனையும் இருப்பதை இன வேறுபாடாகக் குறித்துக்கொள்வது உண்டு.

இந்தப் பாகங்களில் எதற்கு அதிக எடை கொடுப்பது? வாலுக்குத்தான் என்பது என் கட்சி. அதற்குக் காரணமும் உண்டு. இலை பெரிதாவதோ சிறிதாவதோ அந்தச் செடியின் அன்றாடக் கணக்கு: தண்ணீர் இருந்தால் செலவு செய்கிறது, இல்லாவிட்டால் சுருக்கிக்கொள்கிறது. வாலின் நீளமும் வளைவும் பருமனும் யார் அந்தப் பூவுக்கு வரலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. நீண்டு மெலிந்த வாலின் அடியில் உள்ள தேன், அந்த அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கோ அந்துப்பூச்சிக்கோ எட்டும். குட்டையாகத் தடித்த வாலில் தேனீக்கும் வழி உண்டு. வருகிற பூச்சி மாறினால் மகரந்தம் போய்ச் சேரும் இடம் மாறும். அது மாறினால் இரண்டு கூட்டங்கள் கலப்பது குறைந்து, காலப்போக்கில் தனித்தனி வழியில் போய்விடும். ஆகவே வால் வெறும் அடையாளக்குறி மட்டுமாக இருப்பதில்லை, பிரிவு நடப்பதற்கே அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். நீலகிரியின் இம்பேஷன்ஸ் கிளாவிகார்னுவின் வால் குட்டையாக, நுனி தடித்து உருண்டிருக்கும். இம்பேஷன்ஸ் ஸ்கேபிஃப்ளோராவின் வால் பூவைவிட நீண்டு மெலிந்து வளைந்து போகும். முன்பக்கமிருந்து இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். பக்கவாட்டில் பார்த்தவருக்குக் குழப்பம் வராது. ஆனால் வாலே எல்லாவற்றையும் முடித்துவைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. இலங்கையிலும் வளரும் இம்பேஷன்ஸ் அகாலிஸுக்கும் ஸ்கேபிஃப்ளோராவைப் போலவே நீண்ட மெல்லிய வால்தான். அங்கே போனால் சிறகு மடல்களையும் இலையின் ரோமத்தையும் கேட்க வேண்டியிருக்கும். எடை அதிகமுள்ள குணத்தில் தொடங்கி, அது கைவிடும் இடத்தில் அடுத்ததற்குப் போவது என்பதுதான் முறை.

இந்த முறையை நம் மலைகளில் முதலில் கடைப்பிடித்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு சுவையான விஷயம் தெரிகிறது. 1819-இல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்த ராபர்ட் வைட், பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தாவர ஓவியத் தொகுதிகளில் 2101 படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த ஓவியர்களில் இரண்டு பெயர்கள் நமக்குத் தெரியும்: ரங்கையா, கோவிந்து. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிடுக்கு வைட் பேரினப் பெயரே வைத்தார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அறிவியலில் இந்திய ஓவியருக்கு அப்படி ஒரு மரியாதை அரிது. வைட் வகைப்படுத்திய காசித்தும்பைகள் இன்றும் நூல்களில் நிற்பதற்கு, அவருடைய கூர்மையோடு பூவைப் பார்த்து வரைந்த அந்தக் கைகளும் காரணம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் காசித்தும்பை உலர்த்தலைத் தாங்காத செடி. நீர் நிறைந்த மெல்லிய இதழ்கள் அழுத்தக் காகிதத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு நிறச் சவ்வாகிவிடும். சிறகு எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஜோசப் டால்டன் ஹூக்கர் தன் எண்பதுகளின் பிற்பகுதியில் இந்தியக் காசித்தும்பைகளைத் தொகுத்து 1904 முதல் 1906 வரை வெளியிட்டார். 1911-இல் இறக்கும்வரை அவர் விடாமல் மல்லுக்கட்டியது இந்தப் பேரினத்தோடுதான். கியூ தோட்டத்தில் உட்கார்ந்து, காய்ந்த பூக்களை ஊறவைத்துப் பிரித்து அவர் பட்ட பாட்டை நினைத்தால், இங்கே ஒரு தட்டுத் தண்ணீரும் உதிர்ந்த பூவும் எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

கேம்பிள் எழுதத் தொடங்கி, அவர் 1925-இல் மறைந்த பிறகு ஃபிஷர் முடித்துவைத்த சென்னை மாகாணத் தாவர நூல்தான் எங்கள் தலைமுறைக்குப் பாடப்புத்தகம். 1915-க்கும் 1936-க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. அதில் காசித்தும்பைகளுக்கான திறவுகோலில் ‘வால் குட்டை’ அல்லது ‘வால் நீளம்’, ‘இலை ரோமம் உள்ளது’ அல்லது ‘இல்லை’ என்று இரண்டிரண்டாகக் கேள்வி வரும். அந்த வறட்டு வரிகளைப் படித்துப் பழகியதில் கண் தானாகவே பூவின் பின்பக்கம் போகக் கற்றுக்கொண்டது. நிறத்தைக் கேட்கும் கேள்விகள் அதில் எவ்வளவு குறைவு என்பதும் பிறகுதான் உறைத்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டு, விடுமுறைகளில் மலையேறிக் காசித்தும்பை தேடிய எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள் அந்த நூலில் விடுபட்டவற்றைச் சேர்த்தார்கள். நீலகிரியின் இம்பேஷன்ஸ் நியோபார்ன்சி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. தாவரவியல் படிக்காத ஒருவர் இந்தச் சிக்கலான பேரினத்தில் தடம் பதிக்க முடிந்ததென்றால், தேவைப்பட்டது பட்டத்தைவிடப் பொறுமைதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதலாவது நியாயமானது: வால் மட்டும் பாறைக்கு வளைந்துகொடுக்காது என்று எப்படிச் சொல்கிறாய்? தண்ணீர் இலையைப் பெரிதாக்கும் என்றால் வாலையும் நீட்டாதா? நீட்டலாம். ஓரளவு நீட்டவும் செய்கிறது. இதற்குச் சரியான சோதனை, செடியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி நட்டுப் பார்ப்பது. கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் அதைச் செய்தார்கள். கடல் மட்டத்துக்கு அருகே ஸ்டான்ஃபோர்டு, சியெரா நெவாடாவின் நடுச்சரிவில் மாத்தர், ஏறக்குறைய மூவாயிரம் மீட்டர் உயரத்தில் டிம்பர்லைன் என்று மூன்று தோட்டங்கள். ஒரே செடியைப் பிளந்து, அதன் துண்டுகளை மூன்றிலும் நட்டார்கள். 1940-இல் முடிவுகள் வெளியாயின. தாழ்வில் ஓங்கி வளர்ந்த செடியின் துண்டு உயரத்தில் குள்ளமாயிற்று, பூக்கும் காலம் தள்ளிப்போயிற்று, சில அங்கே பிழைக்கவே இல்லை. ஆனாலும் ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாக வளர்ந்தபோதும் தாழ்நிலத்துச் செடியும் உச்சிச் செடியும் ஒன்றாகிவிடவில்லை. தங்களுக்குரிய சில குணங்களை விடாமல் பிடித்துக்கொண்டன. நம்மிடம் அப்படி மூன்று தோட்டங்கள் கிடையாது, வேண்டியதும் இல்லை. பாறையே அந்தத் தோட்டம். ஒரே வெடிப்பில், ஒரே பிடி மண்ணில், ஒரே சாரலில் நனைந்து இரண்டு செடிகள் வளர்ந்து, ஒன்றின் வால் மட்டும் தடித்துக் குறுகியிருந்தால், அந்த வேறுபாட்டுக்குப் பாறையைப் பொறுப்பாக்க முடியாது. மறுபக்கம், பாசி மெத்தைச் செடியும் வெடிப்புச் செடியும் இலையில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டு, வாலிலும் சிறகிலும் ஒத்துப்போனால் அவற்றைப் பிரிக்க நியாயம் இல்லை. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு இந்த இரண்டு சோதனையும் செய்ய முடியாது. ஒரு பாறையில் கூட்டமாகப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பாறையிலும் பார்க்க வேண்டும், மழை தொடங்கும்போதும் ஓயும்போதும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. இயற்கையில் இரண்டு இனம் கலந்து நடுத்தரச் செடிகள் பிறக்கும்போது, உங்கள் கோடு எங்கே போகிறது என்று கேட்பார்கள். இதற்கு நம் மலையைவிட அயர்லாந்தின் தென்மேற்குப் பாறைகள் நல்ல பதில் தருகின்றன. அங்கே சாக்சிஃப்ரேஜ் என்ற சிறு பாறைப்பூக்களில் இரண்டு இனங்கள் உண்டு. சாக்சிஃப்ராகா ஸ்பாதுலாரிஸின் இலை கரண்டி வடிவில், தட்டையான காம்போடு, சில பெரிய கூர்பற்களோடு, ரோமம் அதிகமின்றி இருக்கும். சாக்சிஃப்ராகா ஹிர்சூட்டாவின் இலை வட்டமாக, அடியில் குழிந்து, மெல்லிய நீண்ட காம்போடு, இரு பக்கமும் ரோமத்தோடு இருக்கும். கெர்ரியிலும் மேற்குக் கார்க்கிலும் இரண்டும் சந்திக்கும் இடங்களில் கலப்பினங்கள் ஏராளம். அவை மலடில்லை, தாய் தந்தை இனங்களோடு மறுபடியும் கலக்கின்றன. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் வெப் இவற்றை விரிவாக ஆராய்ந்தவர். அந்தக் கலப்பினம் ஹிர்சூட்டா இல்லாத வடமேற்குப் பகுதிகளிலும் காணப்படுகிறது; ஒருகாலத்தில் ஹிர்சூட்டா அங்கேயும் இருந்து மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எதிர்த்தரப்பு இதைக் கோடு அழிந்ததற்குச் சாட்சியாகக் காட்டும். எனக்கு இது எதிர்மாறாகப் படுகிறது. காம்பு தட்டையா உருளையா, பல் கூரா மழுங்கலா, ரோமம் உண்டா இல்லையா என்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குணங்கள். தண்ணீர் கூடினால் எல்லாம் சேர்ந்து மாறும் என்று எதிர்பார்க்கக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கலப்பு நடக்காத இடங்களில் அவை கட்டாகவே வருகின்றன: தட்டைக் காம்பு இருந்தால் கூர்பல் இருக்கிறது, ரோமம் குறைகிறது. சம்பந்தமில்லாத குணங்கள் கூடவே பயணம் செய்வதற்குப் பரம்பரை தவிர வேறு கயிறு கிடையாது. கலப்பினத்தில் அந்தக் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்ததை அவிழ்ந்தது என்று அடையாளம் காணவே கட்டு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, ஒரு குணத்தை வைத்து இனம் பிரிக்காதே, சேர்ந்தே வரும் குணங்களை வைத்துப் பிரி என்றாகிறது. இங்கே இன்னொரு கூட்டம் குறுக்கிடும்: இதெல்லாம் பெயர் வைக்கும் ஆசை, கொஞ்சம் நிறம் மாறினால் புது இனம் என்று கட்டுரை எழுதித் தன் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்வது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஈரப்பாறைகளில் காசித்தும்பைக்கு அண்டை வீட்டுக்காரர்களான யூட்ரிகுலேரியாக்களைப் பாருங்கள். பாசியில் பூக்கும் யூட்ரிகுலேரியா ஸ்ட்ரையாட்டுலாவின் கீழுதடு ஐந்து மடலாக விரியும், மேலுதடு இருப்பதே தெரியாது. தொண்டையில் ஒரு மஞ்சள் பொட்டு. அந்தப் பேரினத்துக்கு உலகம் முழுவதும் குவிந்து கிடந்த நூற்றுக்கணக்கான பெயர்களைப் பீட்டர் டெய்லர் 1989-இல் சல்லடை போட்டுச் சலித்து 214 இனங்களாகக் குறைத்தார். பூவின் அளவு ஈரத்துக்கு ஏற்ப மாறுவதை மதித்து, விதையின் மேற்பரப்பு போன்ற குணங்களுக்கு இடம் கொடுத்தவர் அவர். என் வாதம் பெயர்களைப் பெருக்குவதற்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு ஒழிக்கவும் உதவும். ஒரே பாறையில் கிடைத்த இரண்டு மூன்று செடிகளை வைத்து, பக்கத்துப் பாறையைப் பார்க்காமல், நிறத்தை முதல் குணமாக எழுதி வருகிற புதிய இன அறிவிப்புகளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான்.

மரபணுவைப் படித்தால் போதாதா என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பழைய பிரிவுகள் சிலவற்றை மரபணு ஆய்வு கலைத்துப் போட்டதும், பூவில் ஒத்திருப்பவை எல்லாம் நெருங்கிய உறவாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியதும் பெரிய லாபம். ஆனால் எந்தெந்தச் செடியிலிருந்து இலைத்துண்டு எடுப்பது என்று யாராவது பாறையருகே நின்று முடிவு செய்தாக வேண்டும். அண்மையில் பிரிந்த இனங்களில், வழக்கமாகப் படிக்கிற குறுகிய மரபணுத் துண்டு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்துவிடுவதும் உண்டு.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். கேமராவை நீட்டினால் பெயர் சொல்கிற காலத்தில் வாலையும் சிறகையும் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கேட்கிறார்கள். செயலிகள் எனக்குப் பகையில்லை. அழுகண்ணிகளை அவை சரியாகவே சொல்லும், ஏனென்றால் அங்கே தேவையான குணம் படத்தில் இருக்கிறது. காசித்தும்பையில் சிக்கல் படம் எடுக்கும் கையிலிருந்தே தொடங்குகிறது. பூ அழகாக இருப்பது முன்பக்கமிருந்து பார்த்தால்தான். எடுப்பவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே குனிந்து எடுக்கிறார்கள், பின்னணி மங்கலாகிறது, அந்த மங்கலுக்குள் வாலும் சேர்ந்து கரைந்துபோகிறது. படம் பார்த்துப் பெயர் கொடுப்பவர் முகத்தை வைத்தே கொடுக்கிறார். அப்படிப் பெயரிடப்பட்ட படங்களைத் தின்று வளர்ந்த செயலி அதே பெயரைத் திருப்பிச் சொல்கிறது, நாலு பேர் ஒத்துக்கொண்டதால் அது உறுதிப்பட்டதாகவும் தோன்றுகிறது. ஃபிலிம் கேமரா காலத்தில் ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான் என்பதால் எந்தக் கோணம் தேவை என்று யோசித்து எடுத்தார்கள். இப்போது இருநூறு எடுத்து இருநூறும் முன்பக்கம். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, இலையின் மேல்பக்கம் ரோமம் தெரியும்படி ஒன்று, செடி எதன்மேல் நிற்கிறது என்று தெரிய விலகி நின்று ஒன்று. இந்த நாலும் இருந்தால் செயலியும் தேறும், பெயர் கொடுப்பவரும் தேறுவார்.

கடைசியாக, நான் அடிக்கடி கேட்ட கேள்வி: இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? இந்தக் கேள்வியைப் படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். நெல் வயலில் களை எடுக்கும் பெண்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். இளம் பருவத்தில் நெல்லும் குதிரைவாலிக் களையும் அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும். நெல்லில் இலை தண்டைவிட்டுப் பிரிகிற இடத்தில் மெல்லிய நாக்குபோல ஒரு சவ்வு உண்டு, களையில் அது கிடையாது. உயரத்தையும் பச்சையையும் பார்த்துப் பிடுங்குகிறவர் நெல்லையும் சேர்த்தே பிடுங்குவார். அங்கே பிரித்தறிவதற்குக் கூலி உண்டு, பாறைப்பூவுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பாறைப்பூவுக்கும் கணக்கு உண்டு. அழிவின் விளிம்பில் இருப்பவை பட்டியலில் ஏற வேண்டுமானால் பெயரோடுதான் ஏற முடியும். மூன்று இனங்களை ஒரே பெயரில் எழுதினால் மூன்றும் சேர்ந்து ‘பரவலாக உள்ளது’ என்ற ஒற்றை வரியாகிவிடும். தண்டில்லாத காசித்தும்பைகளில் சில, ஓரிரு மலைமுகடுகளின் சில பாறைகளில் மட்டும் இருப்பவை. அப்படிப்பட்ட பாறை மலைச்சாலையை ஒட்டி இருந்தால், சாலையை அகலப்படுத்தும் ஒரு வாரத்தில் மொத்தக் கூட்டமும் போய்விடும்.

வேலை தொடங்குமுன் செடிகொடிகளைக் கணக்கெடுக்கிற ஏற்பாடு சில திட்டங்களில் உண்டு. அந்தக் கணக்கு மலையேற வசதியான மாசி, பங்குனியில் எடுக்கப்பட்டால் பயனில்லை. அப்போது கிழங்குகள் வெடிப்புக்குள் உறங்கும். பாறையில் காய்ந்த பாசியைத் தவிர ஒன்றும் தெரியாது. படிவத்தில் ‘வெறும் பாறை’ என்றே எழுதப்படும். ஆடியிலும் ஆவணியிலும் குடையோடு போய், ஒவ்வொரு பாறையிலும் நாலு கோணத்தில் படம் எடுத்து, உதிர்ந்த பூவைத் தண்ணீரில் விரித்துப் பார்த்துக் குறித்தால், அதே படிவத்தில் இரண்டோ மூன்றோ பெயர்கள் ஏறும். எந்தப் பாறையை விட்டுவைத்து எதில் வெடி வைப்பது என்று பொறியாளரிடம் பேச அந்தப் பெயர்களைத் தவிர வேறு பிடி கிடையாது.